ஃபெதர்வெயிட்: கேரிங்டன் முதலில் யாரோடு மோத வேண்டும்?

மணிக்கு_முன்

ஜப்பானின் குத்துச்சண்டை வீரர் இனோவே 2025 செப்டம்பர் 14 அன்று நாகோயாவில் அக்மதாலியேவைப் புள்ளியில் தோற்கடித்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: அவர் ஃபெதர்வெயிட்டுக்கு (126 பவுண்டு எடைப் பிரிவு) வந்தால் என்ன ஆகும்? வரட்டும், வந்த பிறகு பேசுவோம். 126 பவுண்டில் ஏற்கெனவே இருக்கிறவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதற்குத்தான் இந்த இழை.

2025 செப்டம்பர் நிலவரம் தெரியாதவர்களுக்கு, உலகப் பட்டம் தரும் அமைப்புகள் நான்கு: டபிள்யூ.பி.ஓ. பட்டம் ரஃபாயேல் எஸ்பினோசாவிடம், டபிள்யூ.பி.ஏ. நிக் பாலிடம், ஐ.பி.எஃப். ஏஞ்சலோ லியோவிடம், டபிள்யூ.பி.சி. ஸ்டீஃபன் ஃபுல்டனிடம். ஃபுல்டன் 130 பவுண்டுக்கு ஏறி ஓ'ஷாக்கி ஃபாஸ்டரோடு மோதுவதில் குறியாக இருக்கிறார். அவர் போய்விட்டால் டபிள்யூ.பி.சி.யின் இடைக்காலப் பட்டத்தை வைத்திருக்கும் புரூஸ் கேரிங்டனுக்குக் கதவு திறக்கும்.

கேரிங்டன் 2025 செப்டம்பர் வரை 16 சண்டை, 16 வெற்றி. புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்காரர். வளர்ந்து வருகிறவர்களில் கண்ணுக்கு அழகாக ஆடுகிறவர் அவர்தான், இதில் சண்டை இல்லை. என் கேள்வி: முதல் பெரிய சண்டை யாரோடு? எல்லோரும் எஸ்பினோசா என்கிறார்கள். நான் ஏஞ்சலோ லியோ என்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்கிறேன்.

குள்ளன்_கட்சி

ஏன்?

மணிக்கு_முன்

கேட்டுவிட்டீர்கள்.

கேரிங்டனை இதுவரை யாரும் 12 ரவுண்டு முழுக்க நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று வயிற்றில் குத்தவில்லை. லியோ செய்வது அது ஒன்றைத்தான், அதை நன்றாகச் செய்வார். 2024 ஆகஸ்ட்டில் தன் ஊரான ஆல்புகெர்க்கியில் லூயிஸ் ஆல்பர்ட்டோ லோப்பஸை 10வது ரவுண்டில் ஒரு இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) படுக்க வைத்தாரே, எல்லோருக்கும் நினைவில் இருப்பது அந்தக் கடைசி அடி மட்டும். அதற்கு முன்னால் ஒன்பது ரவுண்டு லோப்பஸ் வயிற்றில் வாங்கியதை யாரும் சொல்வதில்லை. லோப்பஸ் சாதாரண ஆள் இல்லை. லீட்ஸில் வாரிங்டனிடம் பட்டத்தைப் பறித்தார், பெல்ஃபாஸ்டில் கான்லனை 5வது ரவுண்டில் முடித்தார். எதிராளியின் ஊருக்கே போய் ஜெயித்து வந்தவர்.

லியோ ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறார், 2021 ஜனவரியில் ஃபுல்டனிடம். அன்று ஃபுல்டன் ஓடி ஓடி ஆடவில்லை. லியோவின் இடத்திலேயே, அந்த நெருக்கத்திலேயே நின்று ஜெயித்தார். கேரிங்டனிடம் அந்த இரண்டாவது ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு எந்தச் சண்டையும் இவ்வளவு உதவாது.

குள்ளன்_கட்சி

அண்ணே, லியோ கமேடாவோடு ஒசாகாவில் ஆடியதைப் பார்த்தீர்களா? 2025 மே மாதம். பெரும்பான்மை முடிவில் தப்பினார். அவரைப் போய்ப் பரீட்சை என்கிறீர்கள்.

பரீட்சை வேண்டுமென்றால் நிக் பால். உயரம் 157 சென்டிமீட்டர், அதாவது இந்த எடையில் கிட்டத்தட்ட எல்லோரும் அவரைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிந்தால் ஹூக் வரும். 2025 செப்டம்பர் வரை 23 வெற்றி, ஒரு டிரா, தோல்வி இல்லை. 2024 ஜூனில் ரியாத்தில் ரேமண்ட் ஃபோர்டிடமிருந்து பட்டத்தை எடுத்தார். அப்புறம் ரியோஸ், டோஹெனி, குட்மேன் என்று மூன்று முறை காப்பாற்றிவிட்டார். அந்த ஒரு டிராகூட டிரா இல்லை! ரே வார்காஸை 8லும் 11லும் கீழே தள்ளிவிட்டுப் பட்டம் கிடைக்காமல் வீடு திரும்பியவர் உலகத்தில் வேறு யார்?

கயிற்றோரம்

பெயர் பால், குணம் காரம்.

குள்ளன்_கட்சி

வந்துட்டாரய்யா.

லிவர்_ஷாட்

நான் சில வருடம் அமெச்சூரில் ஆடினவன், பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் கால்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கேரிங்டனைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று, அவர் எதிராளியை முதலில் கை நீட்ட விடுவார். நீட்டியதும் தலையை ஒரு அங்குலம் மட்டும் நகர்த்திவிட்டு வலது கையை உள்ளே விடுவார். பார்க்க சுகம். ஆனால் இந்த ஆட்டத்துக்கு எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டும். அவன் ஒவ்வொரு அடியாக, முழுசாகப் போட வேண்டும். 2024 செப்டம்பரில் சுலைமான் செகாவா அப்படிப் போடவில்லை. இடது கைக்காரர், வினோதமான கோணத்திலிருந்து பாதி பாதி அடியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கேரிங்டன் பெரும்பான்மை முடிவில்தான் ஜெயித்தார். அதாவது மூன்று நடுவர்களில் ஒருவர் அதைச் சமம் என்று எழுதினார்.

இரண்டு, அவர் பின்வாங்கும்போது நேர்கோட்டில் பின்வாங்குவார். எப்போதும் இல்லை, களைக்கும்போது. நானும் அதே தப்பைச் செய்து மூக்கு உடைந்தவன் என்பதால் சட்டென்று கண்ணில் படுகிறது. கயிறு முதுகில் படும் வரைக்கும் அது தப்பு என்று தோன்றாது.

ஆக, லியோ சரியான பரீட்சை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்துக்காக கேரிங்டனின் ஆட்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

புதுசு

வணக்கம், நான் பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. எஸ்பினோசா உயரம் 185 செ.மீ. என்று போட்டிருக்கிறது. ஃபெதர்வெயிட் என்பது 57.15 கிலோ. என் தம்பி 175 செ.மீ., 68 கிலோ, எல்லோரும் அவனை ஒல்லி என்கிறார்கள். இது எப்படி?

லிவர்_ஷாட்

எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் 57.15 இருந்தால் போதும். அதற்கு முந்தைய சில நாட்களில் உப்பைக் குறைத்து, மாவுச்சத்தைக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் நிறுத்தி, வியர்வையாகப் பல கிலோவை வெளியேற்றுவார்கள். தராசிலிருந்து இறங்கியதும் திரும்ப ஏற்றுவார்கள். மறுநாள் ரிங்கில் ஏறுகிறவர் வேறு ஆள்.

இதைக் கட்டுப்படுத்த ஆளுக்கொரு விதி வைத்திருக்கிறார்கள். ஐ.பி.எஃப். பட்டச் சண்டை என்றால் மறுநாள் காலையிலும் தராசில் ஏற வேண்டும், வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. டபிள்யூ.பி.சி. 30 நாள் முன்னதாக 10 சதவீதம், 7 நாள் முன்னதாக 5 சதவீதம் என்று வரம்பு வைத்து எடை கேட்கும்.

உங்கள் தம்பி ஒல்லிதான். எஸ்பினோசா வேறு ரகம்.

மணிக்கு_முன்

இங்கேதான் ஒரு பெரிய தவறான எண்ணத்தை உடைக்க வேண்டும். எஸ்பினோசா உயரமானவர், அதனால் தூரத்தில் நின்று ஜாப் (முன் கையால் நேர்க்குத்து) போட்டு ஆடுவார் என்று பார்க்காதவர்கள் நினைக்கிறார்கள். அவர் அப்படி ஆடுவதே இல்லை! நீளக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய் வயிறும் தலையுமாக மாற்றி மாற்றிக் குத்துவார். உயரத்தை வீணடிக்கிறார் என்று வர்ணனையாளர்கள் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயரமான ஆள் மேலிருந்து கீழே குத்தும்போது அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறும் குத்து) எந்த வழியாக வருகிறது என்றே குட்டையானவனுக்குத் தெரியாது. அவருடைய உண்மையான ஆயுதம் எண்ணிக்கை, கை ஓய்வதே இல்லை.

2023 டிசம்பரில் ராமிரெஸிடம் அதைத்தான் செய்தார். ராமிரெஸ் யார்? 2012லும் 2016லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், ரியோ இறுதியில் ஷாகுர் ஸ்டீவன்சனையே தோற்கடித்தவர். எஸ்பினோசா 5வது ரவுண்டில் விழுந்து, எழுந்து, 12வதில் அவரைக் கீழே தள்ளிப் பட்டத்தைப் பறித்தார். மறுபடியும் மோதியபோது, 2024 டிசம்பரில் ஃபீனிக்ஸில், 6வது ரவுண்டில் கண்ணில் அடிபட்ட ராமிரெஸ் தானே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

குள்ளன்_கட்சி

அப்போ என் ஆளுக்கும் அவருக்கும் 28 சென்டிமீட்டர் வித்தியாசம். யாராவது ஏணி கொண்டு வாங்க.

ஆனால் கிண்டலை விடுங்கள், யோசித்துப் பாருங்கள். வார்காஸும் உயரம்தான், 178 பக்கம். பாலை அவர் எப்படிச் சமாளித்தார்? ஜாப் போட்டார், கட்டிப்பிடித்தார், நகர்ந்தார். அப்படியும் இரண்டு முறை விழுந்தார். நீங்கள் சொல்வதுபோல எஸ்பினோசா உள்ளே வந்து ஆடுகிறவர் என்றால் பாலுக்கு அவரைத் தேடிப் போகிற வேலையே இல்லை. உயரமான ஆள்களில் பாலுக்குச் சுலபமானவர் எஸ்பினோசாதான். ராமிரெஸும் உயரமானவர் இல்லை, அவரே எஸ்பினோசாவைக் கீழே தள்ளினார்.

மணிக்கு_முன்

இது நல்ல வாதம். நான் யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் எஸ்பினோசாவுக்கே என் ஓட்டு, 9வது ரவுண்டுக்கு மேல்.

பழைய_கேசட்

நீங்கள் எல்லோரும் யார் யாரை ஜெயிப்பார் என்று கணக்குப் போடுகிறீர்கள். நான் கேட்பது, இதில் எது நடக்கும்?

ஃபெதர்வெயிட் ஒரு பேருந்து நிலையம். ஷாகுர் ஸ்டீவன்சன் 2019 அக்டோபரில் இங்கே டபிள்யூ.பி.ஓ. பட்டம் ஜெயித்தார். ஒரு தடவைகூட அதைக் காப்பாற்றும் சண்டை ஆடாமல் 130க்கு ஏறிப் போய்விட்டார். அடுத்து வந்த நவர்ரெட்டேவும் தோற்காமலேயே மேலே போனார். டபிள்யூ.பி.ஏ. கதையைப் பாருங்கள்: 2023 பிப்ரவரியில் லீ வுட்டை மவுரிசியோ லாரா வீழ்த்துகிறார். மே மாதம் மறுசண்டைக்கு லாரா எடை தவறித் தராசிலேயே பட்டத்தை இழக்கிறார், வுட் ஜெயித்துத் திரும்ப எடுக்கிறார். வுட் வாரிங்டனை ஒரு முறை தோற்கடித்துவிட்டு எடை ஏறுகிறார். காலியான இடத்துக்கு 2024 மார்ச்சில் ஃபோர்டும் கோல்மாடோவும் மோதுகிறார்கள். கடைசி ரவுண்டில் 7 நொடி மிச்சம் இருக்கும்போது ஃபோர்டு நாக்அவுட்டில் ஜெயிக்கிறார், அதுவரை தோற்றுக்கொண்டிருந்தவர். மூன்றே மாதத்தில் பாலிடம் இழக்கிறார். பதினாறு மாதத்தில் லாரா, வுட், ஃபோர்டு, பால் என்று நான்கு கை மாறிய பெல்ட் அது.

இன்னொரு பக்கம் கேரி ரஸல் ஜூனியர். 2015இலிருந்து 2022 ஜனவரி வரை டபிள்யூ.பி.சி. பட்டத்தை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு சண்டை. கையில் அவ்வளவு வேகம் வைத்திருந்த மனிதர் உச்ச வயதை உட்கார்ந்தே கழித்தார்.

பரீட்சை, பாடம், படிப்படியாக என்பதெல்லாம் நேரம் இருக்கிறவர்கள் பேசுவது. சால்வடோர் சான்செஸ் 1981 ஆகஸ்ட்டில் கோமஸை முடித்தார், 1982 ஜூலையில் அசுமா நெல்சனை 15வது ரவுண்டில் நிறுத்தினார், ஆகஸ்ட்டில் கார் விபத்தில் இறந்தார். வயது 23. அவர் ஆட வேண்டிய சண்டைகளைத் தள்ளிப்போடாததால்தான் இன்றும் பேசுகிறோம்.

லிவர்_ஷாட்

சான்செஸை இழுத்துவிட்டீர்கள், இனி யாராலும் பேச முடியாது.

பழைய_கேசட்

அதற்காகத்தான் இழுத்தேன்.

மணிக்கு_முன்

கேசட் அய்யா, எது நடக்கும் என்ற கேள்விக்கு என் பதில் எனக்கே பிடிக்காத பதில். கேரிங்டனும் எஸ்பினோசாவும் ஒரே சண்டை ஏற்பாட்டு நிறுவனம், டாப் ரேங்க். இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. நிக் பால் வேறு ஏற்பாட்டாளரான ஃபிராங்க் வாரனின் ஆள். ஃபுல்டனும், அவரிடம் தோற்ற பிராண்டன் ஃபிகெரோவாவும் பி.பி.சி. (PBC) என்ற இன்னொரு நிறுவனத்தின் பக்கம். ஆகவே நடக்கச் சுலபமானது கேரிங்டன்–எஸ்பினோசா, நான் முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே சண்டை.

ஆனால் ஒரு முடிச்சு. டாப் ரேங்குக்கும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சிக்குமான ஒப்பந்தம் 2025 ஜூலை 26 அன்றோடு முடிந்தது. கடைசி நிகழ்ச்சி மேடிசன் ஸ்கொயர் கார்டன் தியேட்டரில், கேரிங்டன் மாத்தேயஸ் ஹெய்ட்டாவை ஜெயித்து இடைக்காலப் பட்டம் எடுத்த அதே இரவு. ஒரே வீட்டுக்குள் பெரிய சண்டை நடத்த வேண்டுமென்றால் காசு கொடுக்கத் தொலைக்காட்சி வேண்டும். அது இல்லாதபோது இருவரையும் தனித்தனியாக வைத்திருப்பதுதான் வியாபாரம்.

லிவர்_ஷாட்

ஃபிகெரோவாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே? 2021 நவம்பரிலும் 2025 பிப்ரவரியிலும் ஃபுல்டனிடம் தோற்றார் என்பதற்காகவா? முதல் சண்டை யார் பக்கமும் போயிருக்கலாம். மேக்டலெனோவை வயிற்றில் குத்தி 9வதில் முடித்த ஆள். இடதும் வலதுமாக நிலை மாற்றிக்கொண்டே முன்னால் நடந்து வருவார். கேரிங்டனுக்கு லியோவைவிட மோசமான இரவைக் கொடுக்கக் கூடியவர் இவர்தான். பாலும் இவரும் மோதினால் டிக்கெட் விலையைப் பார்க்காமல் வாங்குவேன்.

குள்ளன்_கட்சி

பால் வெல்வார். ஆனால் நான் அன்று இரவு தூங்கமாட்டேன்.

கயிற்றோரம்

இழையின் தலைப்பில் "வளர்ந்து வருகிறவர்கள்" இல்லை, ஆனால் முதல் பதிவில் இருக்கிறது. இதுவரை பேசப்பட்ட "வளர்ந்து வருகிறவர்" ஒருவர் மட்டுமே, அவருக்கும் வயது 28. மற்றவர்கள் எங்கே?

மணிக்கு_முன்

நியாயம். சுருக்கமாக: அர்ஜென்டினாவின் மிர்கோ குவெல்லோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியவர், 2025 பிப்ரவரியில் கிறிஸ்டியன் ஒலிவோவை 10வது ரவுண்டில் நிறுத்தினார். கை கனம், தற்காப்பு சுமார். ஜப்பானின் மிகிட்டோ நகானோ, இடது கைக்காரர், இதுவரை தோல்வி இல்லை, 2025 மே மாதம் லாஸ் வேகாஸில் இனோவே ஆடிய அதே நிகழ்ச்சியில் 4வது ரவுண்டில் முடித்தார். அமெச்சூர் பக்கம் உஸ்பெகிஸ்தானின் அப்துமாலிக் ஹலோகோவ், 2024 பாரிஸில் 57 கிலோ தங்கம். இவர்களில் ஹலோகோவை மட்டும்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

குவெல்லோ–நகானோ சண்டையை யாராவது ஏற்பாடு செய்தால் அது ஐந்து ரவுண்டு தாண்டாது. நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன்.

பழைய_கேசட்

எல்லாம் சரி, இனோவேயைச் சொல்லாமல் முடிக்க முடியுமா? அவர் வந்தால் இந்தப் பட்டியல் முழுக்கத் தலைகீழ். ஃபுல்டனை 2023 ஜூலையில் டோக்கியோவில் 8 ரவுண்டில் முடித்தவர்.

லிவர்_ஷாட்

அது 122 பவுண்டில். மேலே ஏறும்போது கையின் கனம் கூடவே ஏறுவதில்லை. 2024 மே மாதம் நெரியிடம் முதல் ரவுண்டிலும், 2025 மே மாதம் கார்டெனாஸிடம் இரண்டாவதிலும் விழுந்தார். இரண்டும் இடது ஹூக். இரண்டு முறையும் எழுந்து நாக்அவுட்டில் ஜெயித்தார், மறுக்கவில்லை. ஆனால் 122இல் விழவைத்த அதே அடி 126இல் எப்படி இருக்கும்? பாலின் சிறந்த அடி எது தெரியுமா? இடது ஹூக்.

அக்மதாலியேவோடு அவர் அவ்வளவு ஜாக்கிரதையாக, கால்களை வைத்து ஆடியதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். 32 வயதில் தன் ஆட்டத்தையே மாற்றத் தெரிந்த மனிதர். அதனால் எஸ்பினோசாவிடம்கூட ஜெயிப்பார் என்று நினைக்கிறேன். 20 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும்.

குள்ளன்_கட்சி

இனோவே–பால் என்றால்?

லிவர்_ஷாட்

மன்னிக்கணும் தம்பி. இனோவே, 8வது ரவுண்டு.

குள்ளன்_கட்சி

இழையை விட்டு வெளியேறுகிறேன். (வெளியேறவில்லை.)

புதுசு

இன்று லீவு. பார்க்க ஒரே ஒரு சண்டை சொல்லுங்கள்.

மணிக்கு_முன்

எஸ்பினோசா–ராமிரெஸ், முதல் சண்டை. சத்தத்தை அணைத்துவிட்டு, கையில் பேப்பர் வைத்துக்கொண்டு நீங்களே மார்க் போடுங்கள். ரவுண்டு ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. விழுந்தால் இன்னொரு புள்ளி குறையும், அநேகமாக 10-8. முடிவை வேறு எங்கும் தேடிப் பார்க்காதீர்கள்.

புதுசு

பார்த்து முடித்தேன். கை வலிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, குத்தினது அவர்கள். என் கணக்கில் 113-113. டிராவா? தப்பாகப் போட்டுவிட்டேனா?

மணிக்கு_முன்

ஒரு நடுவரும் 113-113தான் போட்டார். மற்ற இருவர் எஸ்பினோசாவுக்கு 115-111, 114-112. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், எல்லாமே 226. 12 ரவுண்டும் 10-9 என்றால் கூட்டல் 228 வரும். ஆளுக்கொரு முறை விழுந்ததால் இரண்டு போய்விட்டது.

புதுசு

அப்போ 12வதில் ராமிரெஸ் விழாமல் நின்றிருந்தால்?

மணிக்கு_முன்

ரவுண்டு எஸ்பினோசாவுக்கே போயிருந்தாலும் உங்கள் பேப்பரில் ராமிரெஸ் 114-113 என்று ஜெயித்திருப்பார். மற்ற இருவரும் அப்போதும் எஸ்பினோசா பக்கம்தான். பட்டம் கைமாறியிருக்கும், ஆனால் பிளவு முடிவு, இரண்டுக்கு ஒன்று.

புதுசு

அந்த 12வது ரவுண்டை மட்டும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன்.

குள்ளன்_கட்சி

அது முடிந்ததும் பால்–வார்காஸ் பாருங்கள் தம்பி. 8வதும் 11வதும். மார்க் போட்டு இங்கே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.